எந்த மணியெல்லாம் எண்ணப்படும் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. புவனகிரி அருகே ஒரு கிராமம். ஐ.டி.ஐ. பிட்டர் முடித்து, கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு ரசாயன ஆலையில் காண்ட்ராக்டரின் கீழ் நான்கு ஆண்டுகளாகப் பம்பு பராமரிப்பு வேலை செய்கிறேன். சும்மா பம்பு வேலைதான், தினக்கூலிதான். காண்ட்ராக்டர் அனுபவச் சான்று தர மறுக்கிறார். கனடாவில் எண்ணெய்க் கிணற்று வேலை இருப்பதாகவும், மணிக்கு 32 டாலர் கிடைக்கும் என்றும் புதுச்சேரியில் ஒரு தரகர் சொல்கிறார். மொத்தம் நான்கு லட்சம், முன்பணம் ஐம்பதாயிரம் கேட்கிறார். அவர் எழுதிக் கொடுத்த கணக்குத் தாளின் படத்தை அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டலாமா? எண்ணெய் வயலில் மணிக்கூலி வேலை உண்மையில் எங்கே கிடைக்கும்? காரைக்கால் பக்கம் முயன்றால் கிடைக்காதா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அனுப்பியிருந்த கணக்குத் தாளைப் பலமுறை பார்த்தேன். மணிக்கு 32 டாலர், நாளுக்கு 12 மணி, மாதத்துக்கு 30 நாள், டாலருக்கு 60 ரூபாய் என்று பெருக்கி, கடைசியில் 6,91,200 ரூபாய் என்று எழுதி இரட்டைக் கோடு போட்டிருக்கிறார் தரகர். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அந்த 12 என்ற எண்ணையும் 30 என்ற எண்ணையும் உங்களுக்கு யார் உறுதி செய்கிறார்கள் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. காரைக்கால் பகுதி எண்ணெய் வயல்களில் ஒரு காண்ட்ராக்டரிடம் டைம் கீப்பராகச் சேர்ந்து, பிறகு ஓமன் நாட்டுப் பாலைவன முகாம்களில் அதே வேலையைப் பார்த்து, இறுதியில் ஆள்சேர்ப்பு அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பிறர் உழைத்த மணிகளை எண்ணுவதற்காகவே 19 ஆண்டுகள் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மணிக்கூலி வேலையில் மணிக்கு எவ்வளவு என்பதைக் காட்டிலும், எந்த மணியெல்லாம் எண்ணப்படும், அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுபவர் யார் என்ற இரண்டு கேள்விகளே உங்கள் வருமானத்தை முடிவு செய்கின்றன. உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் இந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முன்பணம் கட்ட வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் எவராயினும் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் உண்மையானதா, இன்னும் நடப்பில் உள்ளதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் தம் சேவைக்காகத் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சத்தொகை 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, அதற்கும் ரசீது தர வேண்டும். நான்கு லட்சம் என்று ஒருவர் வாய் திறக்கும்போதே அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று பொருள். கனடாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அந்நாட்டு முதலாளி வெளிநாட்டிலிருந்து இத்தகைய வேலைக்கு ஆள் எடுக்க வேண்டுமானால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசுக்குக் காட்டி, எல்.எம்.ஐ.ஏ. என்ற அனுமதியைப் பெரும்பாலும் பெற்றாக வேண்டும். ஓர் இடத்துக்கு 1,000 கனடா டாலர் அதற்கான கட்டணம். அதை முதலாளியே செலுத்த வேண்டும். தொழிலாளியிடமிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. உங்கள் தரகர் தம் நான்கு லட்சத்தில் ‘எல்.எம்.ஐ.ஏ. செலவு’ என்று ஒரு பங்கைக் காட்டியிருக்கிறாரே, அந்த ஒரு வரியே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

விசா உண்மையாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் அந்த 6,91,200 கைக்கு வருமா என்று பார்ப்போம். கனடாவின் எண்ணெய் வயல்களில் பெரும்பகுதி அல்பெர்டா மாகாணத்தில் இருக்கிறது. அங்கே பொதுவான விதிப்படி ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆகவே 12 மணி நேரம் உழைத்தவருக்கு 14 மணி நேரத்தின் கூலி கிடைக்கும். ஆனால் எண்ணெய்க் கிணறு பராமரிப்புப் பணிக்கு மட்டும் அதே மாகாணத்தில் தனி விதிவிலக்கு இருக்கிறது: நாளொன்றுக்கு 12 மணியையோ, மாதத்துக்கு 191 மணியையோ தாண்டினால்தான் ஓவர்டைம் தொடங்கும். அதே 12 மணி நேர உழைப்புக்கு ஓரிடத்தில் 448 டாலர், இன்னோரிடத்தில் 384 டாலர். மணிக்கூலி இரண்டிலும் 32 தான். எந்தப் பிரிவின் கீழ் வேலை என்பதைத் தரகரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

மாதம் 30 நாள் என்ற கணக்கு அதைவிட மோசம். அங்கே இரண்டு வாரம் தொடர்ந்து வேலை, ஒரு வாரம் ஓய்வு என்ற சுற்று முறை பரவலாக உண்டு. மணிக்கூலிக்காரருக்கு ஓய்வு வாரத்துக்குக் கூலி கிடையாது. அது போக, குளிர்காலத்தில் உறைந்து கல்லாகிக் கிடக்கும் மண்சாலைகள் மார்ச் மாதக் கடைசியில் பனி உருகிச் சேறாகும்போது, கனரக வண்டிகள் போகக்கூடாது என்று எடைக் கட்டுப்பாடு விதிக்கிறார்கள். கிணறு தோண்டும் இயந்திரக் கோபுரமான ரிக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்த முடியாமல் மே மாதம் வரை பல ரிக்குகள் சும்மா நிற்கும். நம் ஊரில் அடைமழை நாட்களில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவேதான் அங்கே பனி உருகும் வாரங்களில் நடக்கிறது. எண்ணெய் விலை சரிந்தாலும் முதலில் நிறுத்தப்படுபவர் மணிக்கூலிக்காரரே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர் என்று பூஜ்யத்துக்கும் கீழே போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ஆண்டு எத்தனையோ ரிக்குகள் நின்றன. மாதச் சம்பளக்காரருக்காவது நோட்டீஸ் காலம் என்று ஒன்று இருந்தது.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸின் பெர்மியன் படுகையில் வாரத்துக்கு 84 மணி நேரம் உழைப்பவருக்கு, 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு என்ற கூட்டாட்சிச் சட்டப்படி, 106 மணி நேரத்தின் கூலி கிடைக்கும். ஆனால் ரிக்கில் கூலி வேலைக்கு இங்கிருந்து நேராகப் போகும் நடைமுறை வழி எதையும் என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் வெளிநாட்டு வாசல் வளைகுடாதான். அங்கே சம்பளம் மாதக் கணக்கில் எழுதப்பட்டாலும், கையில் வருவது மணிக் கணக்கில்தான் கூடும், குறையும். கூடுதல் மணிக்குச் சவுதியில் ஒன்றரை மடங்கு என்றும், அமீரகம், குவைத், கத்தார் ஆகிய நாடுகளில் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்றும் சட்டம் சொல்கிறது. இப்போது ஓர் உதாரணம் பாருங்கள். சவுதியில் ஒரு நிறுவனம் 1,200 ரியால் அடிப்படைச் சம்பளம், எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் ஓ.டி. (ஓவர்டைம்) என்கிறது. இன்னொரு நிறுவனம் 1,800 ரியால், 12 மணி நேர வேலை, ஓ.டி. உட்பட என்கிறது. என்னிடம் வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். முதலாவதைக் கணக்குப் போடுவோம். 1,200-ஐ 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 5 ரியால். ஒன்றரை மடங்கு ஏழரை ரியால். நாளுக்கு நான்கு மணி கூடுதலாக 26 நாள் உழைத்தால் 104 மணி, அதாவது 780 ரியால். மொத்தம் 1,980. அதே உழைப்புக்கு இரண்டாவது நிறுவனம் தருவது 180 ரியால் குறைவு. விடுப்புச் சம்பளம் போன்றவற்றுக்கு ஒப்பந்தத்தில் எந்தத் தொகை அடிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் அந்த 1,800-ஐயும் பிரித்து, அடிப்படை 800 என்று போட்டிருந்த தாள்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

‘ஃப்ரீ விசா’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒருவர் பெயரில் விசா எடுத்துக்கொண்டு, வெளியே யாரிடம் வேண்டுமானாலும் மணிக்கூலிக்குப் போகலாம் என்பார்கள். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலங்களில் மணிக்கு இத்தனை ரியால் என்று ஆள் பிடிப்பதும் நடக்கிறது. அது அந்நாட்டுச் சட்டத்துக்கு விரோதமானது. கூலி தராமல் விரட்டினால் புகார் சொல்லவும் போக முடியாது. புகார் சொல்லப் போகிறவரே முதலில் பிடிபடுவார். அந்த வழி வேண்டாம்.

டைம் ஷீட் என்ற தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் இருக்கும்வரை யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. மாதத்துக்கு ஒரு தாள். மேலே பெயரும் அடையாள எண்ணும். கீழே ஒன்றிலிருந்து 31 வரை வரிசையாகத் தேதிகள்; ஒவ்வொரு தேதிக்கும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், சாதாரண மணி, ஓ.டி. மணி, குறிப்பு என்று கட்டங்கள். அடியில் போர்மேன் கையெழுத்துக்கு ஓர் இடம், எண்ணெய் நிறுவனத்தின் பிரதிநிதி கையெழுத்துக்கு ஓர் இடம். நான் வேலை பார்த்த முகாமில் மாதம் முழுவதும் பென்சிலால் எழுதி, 28-ஆம் தேதிக்கு மேல்தான் பேனாவால் மேலெழுதுவார்கள். தொழிலாளி தன் கையெழுத்தை மாதத் தொடக்கத்திலேயே வெற்றுத் தாளில் போட்டுவிட வேண்டும். நேரம் மிச்சமாகும் என்று காரணம் சொல்லப்பட்டது. பென்சில் கோடு எவ்வளவு சுலபமாக அழியும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த ரிக்கர் ஒருவர், அதாவது கிரேனில் பாரம் கட்டித் தூக்குபவர், இருந்தார். ரிக்கை இடம் மாற்றும் ‘ரிக் மூவ்’ நடந்துகொண்டிருந்த மாதம் அது. முகாமிலிருந்து வேலையிடத்துக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். மணற்புயல் அடித்தால் கிரேன் இயக்கக் கூடாது. ஆட்கள் பேருந்துக்குள்ளேயே ஜன்னலை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். மாதக் கடைசியில் அவருடைய தாளில் மணிகள் குறைந்திருந்தன. பயண நேரம் ஒப்பந்தப்படியே எண்ணப்படாதது. நாளுக்கு மூன்று மணி வீதம் 26 நாளில் 78 மணி அப்படியே போனது, அதைக் கேட்க முடியாது. ஆனால் புயலில் காத்திருந்த நேரம் எண்ணப்பட வேண்டியது. அதையும் யாரோ அழித்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து, வியர்வையில் ஊறி ஓரம் சுருண்டுபோன ஒரு சின்ன நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு நாளும் ஏறிய நேரம், இறங்கிய நேரம், கிரேன் நின்ற நேரம், அன்றைய போர்மேன் பெயர் எல்லாம் தமிழில் எழுதியிருந்தார். என்னிடமிருந்த கேட் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். நிமிடக் கணக்கில்கூடப் பெரிய வேறுபாடு இல்லை. 41 மணி நேரத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. பக்கத்து அறைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் அதே மணிகள் போயிருந்தன. அவர்களிடம் நோட்டு இல்லாததால், எனக்கு உண்மை தெரிந்திருந்தும், என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த ஒன்பது பேரின் முகங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், கடலூரிலேயே இருந்தாலும், அந்த மாதிரி ஒரு நோட்டை இன்றிலிருந்தே எழுதத் தொடங்குங்கள்.

இனி, காரைக்கால். ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பணிகளுக்குக் காரைக்கால்தான் தலைமையிடம். நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று நாகை, திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் அதன் கிணறுகளும் சேகரிப்பு நிலையங்களும் பரவியிருக்கின்றன. நேரடி வேலைக்கு அறிவிப்பு வந்தால்தான் வழி. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கான அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு 18 முதல் 24 வயது வரை என்று வரம்பு வைக்கிறார்கள். உங்களுக்கு அது கடந்துவிட்டது, தம்பி தங்கை இருந்தால் சொல்லுங்கள், விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. மற்றபடி அங்கே கிடைப்பது காண்ட்ராக்ட் வேலை. அதில் புதிய ஆட்களுக்கான இடம் சுருங்கி வருகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020-இல் வந்த பிறகு, டெல்டா மாவட்டங்களிலும், நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டத் தடை இருக்கிறது. உங்கள் ஊரும் அதற்குள்தான் வருகிறது. விளைநிலத்தைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. உங்கள் வீட்டிலும் நிலம் இருக்கும், அதன் அருமை உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே இயங்கிவரும் கிணறுகளின் பராமரிப்பு தொடர்கிறது. ஆனால் அந்த வேலைகளில் பல ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் உள்ளூர் ஆட்களே காண்ட்ராக்டர் மாறினாலும் தொடர்கிறார்கள். முயன்று பாருங்கள், அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

அப்படி ஓர் இடம் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் எண்ணெய்க் கிணறும் சுரங்கம்தான்; 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே அப்படித்தான் வரையறுத்தது. வேலையில் இறக்குவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் தொழிற்பயிற்சியும் கொடுத்தாக வேண்டும். அவை இரண்டும் இல்லாமல் நேராகக் கிணற்றடிக்கு அழைத்துப் போகும் மேஸ்திரியோடு போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் சிப்காட்டில் வேலை பார்க்கும் உங்களுக்குப் பழகியிருக்கும். நாற்றம் வந்தால் எச்சரிக்கை ஆகிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு (100 பி.பி.எம்.) என்ற அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். சட்டையில் மாட்டும் அலாரக் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அனுபவத்துக்கு நேராகப் பொருந்துவதும், நம் நாட்டுக்குள் மணிக்கூலிக்கு மிக நெருக்கமானதும் ஷட்டவுன் வேலைதான் என்பது என் கருத்து. மணலி, அம்பலமுகள், மங்களூரு, விசாகப்பட்டினம், பாராதீப், ஜாம்நகர் என்று ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பகுதி பகுதியாக நிறுத்தப்பட்டு, முப்பது நாற்பது நாளில் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி ஓட்டிவிடுவார்கள். பிட்டர், ரிக்கர், வெல்டர், ஹெல்பர் என்று ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் தேவைப்படுவார்கள். கடலூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் குழுக் குழுவாகப் போய்வருபவர்கள் உங்கள் ஆலையிலேயே இருப்பார்கள்; அவர்களிடம் விசாரியுங்கள். (பெரியகுப்பத்தில் கட்டுமானத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலை 2011 டிசம்பரில் தானே புயலில் சேதமடைந்து நின்றுபோகாமல் இருந்திருந்தால், நம் பிள்ளைகள் இதற்காக ஜாம்நகர் வரை ரயிலேற வேண்டி வந்திருக்காதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.)

ஷட்டவுனில் கூலியின் அலகு ‘டூட்டி’. எட்டு மணி நேரம் ஒரு டூட்டி. 12 மணி நேரம் வேலை பார்த்தால் ஒன்றரை டூட்டி என்று போடுவார்கள், கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த அந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. சாப்பாட்டு நேரம் போக நாளுக்கு 12 மணி வீதம் ஆறு நாள் உழைத்தால் 72 மணி. அதில் 24 மணி கூடுதல். அதை இரட்டித்து 48-உடன் கூட்டினால் 96 மணி, அதாவது 12 டூட்டி. காண்ட்ராக்டர் எழுதுவது ஒன்பது டூட்டி. ஆறு வாரத்தில் 18 டூட்டி வித்தியாசம். முழுவதையும் கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள் என்று உங்களுக்குப் பயம் வரும். அந்தப் பயம் நியாயமானதே. ஆகையால் கிளம்புவதற்கு முன்பே, குழுவாகச் சேர்ந்து, ஒரு டூட்டிக்கு எவ்வளவு, 12 மணிக்கு எத்தனை டூட்டி என்று பேசி எழுதி வாங்குவதுதான் நடைமுறையில் பலன் தருகிறது. நியமனக் கடிதம் கேட்பது இப்போது உங்கள் உரிமை. காண்ட்ராக்டர் கூலி தராமல் போய்விட்டால், ஆலையின் உரிமையாளரான முதன்மை முதலாளியே அதைத் தர வேண்டும் என்பதும் சட்டம். எனவே உங்கள் கேட் பாஸின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆலைக்குள் நீங்கள் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இங்கும் எண்ணப்படாத மணிகள் உண்டு. போய் இறங்கியதும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று, மருத்துவத் தகுதி, உயரத்தில் வேலை செய்யும் தேர்வு, பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முடிந்து கேட் பாஸ் கிடைக்க இரண்டு நாளோ நான்கு நாளோ ஆகும். அந்த நாட்களுக்கு அரை டூட்டியாவது உண்டா, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, ரயில் கட்டணம் போகும்போது மட்டுமா, திரும்பும்போதுமா? காலையில் அன்றைய வேலைக்கான அனுமதிச் சீட்டு (பர்மிட்) வரும்வரை காத்திருக்கும் நேரம் எண்ணப்படுமா? இவற்றைத் தொலைபேசியிலேயே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் டூட்டிக்கு ஐம்பது ரூபாய் குறைவாக இருந்தாலும் போங்கள்.

உங்களை நீங்கள் குறைத்து மதிப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். “சும்மா பம்பு வேலைதான்” என்கிறீர்கள். பம்பில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் மாற்றி, டயல் கேஜ் வைத்து மோட்டாரையும் பம்பையும் நூற்றில் சில பங்கு மில்லிமீட்டருக்குள் நேர்ப்படுத்தத் தெரிந்த பிட்டரை எந்தச் சுத்திகரிப்பு ஆலையும், எந்த எண்ணெய் சேகரிப்பு நிலையமும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. ரிக்கில் ஏறிக் குழாய் தூக்கும் வேலைக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்பதை விட்டு, சுழலும் இயந்திரங்களின் பிட்டர் என்று உங்களை முன்வைத்துக்கொண்டால் கூலியும் கூடும், எண்ணெய் விலை சரியும்போது முதல் ஆளாக வெளியே போகவும் மாட்டீர்கள். எந்த வகைப் பம்பு, எந்த வகை சீல், எத்தனை முறை தனியாகச் செய்தீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். காண்ட்ராக்டர் அனுபவச் சான்று தர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் பி.எப். கணக்கின் பாஸ்புக்கை இறக்கிப் பாருங்கள், நிறுவனத்தின் பெயரும் மாதவாரியாகச் செலுத்திய தொகையும் அதில் இருக்கும். நான் ஆள் எடுத்த காலத்தில், அழகாக அச்சடித்த அனுபவச் சான்றைவிட அந்தத் தாளைத்தான் நம்பினேன். நான்கு ஆண்டுகளுக்கும் தொகை சரியாக ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ‘ஆயில் ரிக் படிப்பு’ நடத்தும் இடங்களில் இப்போது சேர வேண்டாம். கடல் ரிக்குக்குப் போகத் தேவைப்படும் போசியட் பயிற்சி மூன்று நாள்தான்; கவிழ்ந்து நீரில் மூழ்கும் ஹெலிகாப்டர் கூண்டிலிருந்து தப்பி வருவதையெல்லாம் அதில் பழக்குவார்கள். நான்கு ஆண்டுகளில் அது காலாவதியாகிவிடும். வேலை உறுதியான பிறகு, இந்தப் பயிற்சிக்குத் தரம் வகுக்கும் ஒபிட்டோ அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மையத்தில் சேர்ந்தால் போதும். வேலை இல்லாமல் சான்றிதழை மட்டும் பெட்டியில் வைத்திருந்தால் அதன் நாட்கள்தான் குறையும்.

வளைகுடாவுக்குப் போக முடிவு செய்தால், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கே முதலில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகங்களுக்கு மத்திய அரசின் இலவச உதவி எண் 1800 11 3090.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தரகரிடம் சண்டை வேண்டாம். அவருடைய பதிவு எண், கனடா முதலாளியின் பெயரும் முகவரியும், வேலைக் கடிதத்தின் நகல், எந்தப் பணிப் பிரிவு, வாரத்துக்கு எத்தனை மணி உறுதி, வேலை இல்லாத வாரத்தில் தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். ஐம்பதாயிரத்தைப் பெற்றுக்கொள்வதில் இருக்கும் வேகம் இந்தப் பதில்களில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது தாள் கொடுத்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். அம்மாவின் தோட்டை அடகு வைக்கலாம் என்று எழுதியிருந்ததை மட்டும் அதுவரை தள்ளி வையுங்கள்.